ஆபீசுக்குக் கிளம்பி, கடலுக்குப் போனோம்!

வெளியூர்ப் பயணம் என்றாலே நமக்கெல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பே புளிசாதமும் பட்டியலும் ஆரம்பமாகிவிடும். நான் சொல்லப் போகிற பயணத்தில் அப்படி எதுவும் கிடையாது. கையில் இருந்தது ஒரு டிபன் பாக்ஸும் குடையும்தான்.

என் மகள் டோக்கியோவில் நிஷி கசாய் என்கிற பகுதியில் இருக்கிறாள். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். பெருங்காயம், உளுந்து, புளி எல்லாமே கிடைக்கிறது. அவளுக்குப் பிரசவம் பார்க்க 2024 ஜூலையில் போவதாக இருந்தேன். மார்ச் மாதமே, ஆறாம் மாதத்தில், குழந்தை தங்காமல் போய்விட்டது. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஏப்ரலில் ஓடினேன்.

பூண்டுக் குழம்பு வைத்தேன், தலைக்கு எண்ணெய் தேய்த்து விட்டேன். ஊரிலிருந்து போன் செய்தவர்கள் எல்லாரும் ஒரே வசனம்தான்: "சின்ன வயசுதானே, அடுத்தது நிக்கும்." அவளும் "சரி அத்தை, சரி சித்தி" என்று சொல்லி வைத்துவிடுவாள். என்னிடம்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மே மாத நடுவில் மறுபடி வேலைக்குப் போக வேண்டிய முதல் நாள். மாப்பிள்ளை அன்று வெளியூரில். "நானும் துணைக்கு வரேன்" என்று எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு கூடவே கிளம்பினேன். ஓதேமாச்சியில் இறங்கி டோக்கியோ ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். ஆபீஸ் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுவிட்டாள். "அம்மா, இன்னிக்கு முடியலம்மா. எங்கயாச்சும் போலாமா?" என்றாள். "போலாம்டி" என்றேன். எங்கே என்று நானும் கேட்கவில்லை. ஆபீசுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குள் கீழே, கீழே என்று நாலைந்து நகரும் படிக்கட்டு இறங்கினாள். நீலமும் சந்தன நிறமும் கோடு போட்ட ரயில். ஒரு மணி நேரத்தில் காமகுரா.

காமகுரா ஒரு கடற்கரை ஊர். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். சுமார் 800 வருஷம் முன்பு ஜப்பானை ஆண்ட போர்த் தளபதிகளின் தலைநகரம் இதுதானாம். அங்கிருந்து எனோதென் என்று ஒரு குட்டி ரயில். 1902-ல் ஓடத் தொடங்கியது, மொத்தமே 10 கிலோமீட்டர், ஒற்றைத் தண்டவாளம். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. கையை நீட்டினால் கொடியில் காய்கிற துணியை எடுத்துவிடலாம் போல! மூன்றாவது நிறுத்தம் ஹசே. அங்கே இறங்கினோம்.

முதலில் பெரிய புத்தரைப் பார்த்தோம். வெண்கலச் சிலை, பீடம் இல்லாமலே 11 மீட்டருக்கு மேல் உயரம், எடை 121 டன். 1252-ல் வார்க்கத் தொடங்கினார்களாம். ஒருகாலத்தில் மேலே மண்டபம் இருந்திருக்கிறது. புயலில் இடிந்து, மறுபடி கட்டி, 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடல் பொங்கி அதையும் அடித்துப் போனதாகச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து மழையிலும் வெயிலிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

நான் நாகப்பட்டினத்துக்காரி. கடல் பொங்கியது என்று கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2004 டிசம்பர் 26-ஐ எங்கள் ஊரில் யார் மறக்க முடியும்? இந்த ஊர்க் கரண்ட் கம்பங்களில், 'இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறியும் உண்டு. 1923 பூகம்பத்தின்போதும் இங்கே கடல் ஏறியதாம். புத்தரின் பீடம் அப்போது சேதமாகிப் பிறகு சரிசெய்தார்களாம். எங்கள் ஊரிலும் ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய சூடாமணி விகாரம் இருந்தது. மண்ணிலிருந்து கிடைத்த வெண்கல புத்தர்கள் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. அவையெல்லாம் கையில் தூக்கலாம். இவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

சுவரில் ஒரு ஜோடி வைக்கோல் செருப்பு தொங்குகிறது. நீளம் 1.8 மீட்டர்! புத்தர் எழுந்து நடந்தால் போட்டுக்கொள்ளட்டும் என்று இபராகி என்கிற பகுதிச் சிறுவர்கள் பின்னிக் கொடுத்ததாம். பின்பக்கம் கவிஞர் யோசானோ அகிகோவின் கவிதைக் கல். இந்த புத்தரை அழகான ஆண்பிள்ளை என்று பாடியிருக்கிறார் அந்த அம்மா! பதினொரு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதியவர். அதைப் படித்துச் சொல்லும்போது என் மகள் லேசாகச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

பக்கத்திலேயே ஹசேதெரா கோயில். மலைச்சரிவில் படிகள் அதிகம், முட்டிவலிக்காரர்கள் நிதானமாக ஏறுங்கள். மேலே பதினொரு முகம் கொண்ட கன்னோன். மரத்தில் செதுக்கிப் பொன் பூசியது, 9 மீட்டருக்கு மேல் உயரம். கீழே ஒரு குகையில் பென்தென், நம் சரஸ்வதிதான்! இங்கே வீணைக்குப் பதில் ஜப்பானிய வாத்தியம்.

படி ஏறும் வழியில்தான் அந்த இடம். விரல் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கல் பொம்மைகள், வரிசை வரிசையாக, எண்ண முடியாது. மொட்டைத் தலை, மூடிய கண். பெயர் ஜிசோ. பிறக்காமலே போன, பிறந்ததும் போன குழந்தைகளுக்காகப் பெற்றவர்கள் வைப்பது என்று மகள்தான் சொன்னாள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது, 'மிசுகோ'. தண்ணீர்க் குழந்தை என்று அர்த்தம். நம் பக்கம் அதற்குப் பேரே கிடையாதே.

ஒரு ஜப்பானியப் பாட்டி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார், ஜிசோ முன்னால் நின்று வெகுநேரம் கும்பிட்டுவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"அம்மா, எனக்கு முன்னாடி ஒனக்கும் ஒண்ணு போச்சுன்னு அப்பாயி சொன்னாங்களே, நெசமா?"

"ஆமாடி. ஏழு மாசம். பையன்."

"பாத்தியா அவன?"

"காட்டலடி. பாத்தா பால் கட்டிக்கும்னு சொல்லிட்டாங்க. கொல்லையில தென்னங்கன்னு வெச்சாங்க, அவ்ளோதான்."

"நான் பாத்தேம்மா" என்றாள். "ரெண்டு கையும் மூடியே இருந்துச்சு." அதன் பிறகு அழுதாள். அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மர பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. அந்த மூன்று மாதத்தில் அவள் என்னோடு பேசியதெல்லாம் அன்றைக்குத்தான்.

மதியம் பசித்தது. கடற்கரைக்கு ஐந்து நிமிஷ நடை. அங்கே பருந்துகள் ஜாஸ்தி. கையில் இருப்பதைப் பிடுங்கும் என்று படம் போட்டே எச்சரித்திருக்கிறார்கள். எங்கள் கண்ணெதிரே ஒரு பெண்ணின் ரொட்டி பறந்தது! பாட்டி வடை சுட்ட கதையில் காக்கா என்றால் இங்கே பருந்து. குடையை விரித்து அதன் அடியில் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டு முடித்தோம். 2004-க்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. அன்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள், நனைத்தேன். ஜில்லென்று இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு கடையில் சிராசு வாங்கினோம். மத்தி, நெத்திலிக் குஞ்சு மாதிரி வெள்ளையாக, நூல் போல. அந்தக் கடலில் ஜனவரி முதல் மார்ச் முற்பகுதி வரை அதைப் பிடிக்கத் தடையாம். பச்சையாகவே சோற்றில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அது ஒத்து வராது. உப்பு நீரில் அவித்ததை வாங்கி வந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினேன். உப்பு போடவே கூடாது, அதிலேயே இருக்கிறது. மகள் இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

அவள் தூங்கிய பிறகு நாகையில் இருக்கும் என்னவருக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது ராத்திரி ஏழு மணி. "நம்ம மொதப் பையன் ஞாபகம் இருக்கா ஒங்களுக்கு?" என்று கேட்டேன். 36 வருஷத்தில் ஒரு நாளும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"மாசி மாசம், வெள்ளிக்கெழம, விடியக்காலம்" என்றார்.

- ஒரு வாசகி, நாகப்பட்டினம்