நிலத்தை விற்கும் முன்: உயிரியல் தொழிலுக்கு முதல் திரட்டுவது பற்றி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தாயும் மகளும் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்தவர். உடன் படித்த தோழிகள் இருவரோடு சேர்ந்து, சின்ன வெங்காயத்தில் வரும் அழுகல் நோயைக் கட்டுப்படுத்தும் ஒரு நுண்ணுயிர் மருந்தைத் தயாரிக்க நினைக்கிறார். கல்லூரி ஆய்வகத்தில் தொட்டியில் வைத்துப் பார்த்ததில் பலன் தெரிந்திருக்கிறது. அந்த நோய் வந்தால் வெங்காயம் போட்டவர் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் பகுதி மக்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அத்தா, ஊரில் இருக்கும் முக்கால் ஏக்கரை விற்றுவிடச் சம்மதித்திருக்கிறார். போதாத பணத்துக்கு மாமா ஒருவர் வட்டிக்குப் பேசி வைத்திருக்கிறார். "பைத்துல்மால்ல இருந்து கொஞ்சம் குடுத்தீங்கன்னா நிலத்த விக்காம பாத்துக்கலாம்ல, அண்ணே" என்று அந்தத் தாய் கேட்டார்.

கொடுக்க முடியாது என்றுதான் சொன்னோம். ஜகாத் யாருக்குச் சேர வேண்டும் என்பது வகுக்கப்பட்டது. தொழில் முதலீடு அதில் இல்லை. மற்ற நன்கொடைப் பணத்தையும் அறக்கட்டளைகள் எங்கெங்கே முதலீடு செய்யலாம் என்று வருமான வரிச் சட்டம் வரையறுத்திருக்கிறது. புதிதாகத் தொடங்கும் தனியார் கம்பெனியின் பங்கு அந்த வரையறைக்குள் வராது. ஆனால் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட மனம் வரவில்லை. அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். இதே கேள்வியோடு வேறு வீடுகளிலும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, இந்தத் தொழிலில் பணம் எவ்வளவு காலம் முடங்கும் என்பது. மளிகைக் கடையில் காலையில் இறக்கிய சரக்குக்கு மாலையில் காசு வரும். உயிரியல் தொழிலில் அப்படி இல்லை. நம் வேப்பந்தட்டையிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு புதிய ரகம் விவசாயி கைக்கு வருவதற்கு எத்தனை பருவங்கள் ஆகும் என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பெண்ணின் மருந்துக்கும் அதே கதைதான். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். வயலில் பல இடங்களில், ஒரு பருவத்துக்கு மேல் சோதித்த விவரங்களைக் காட்ட வேண்டும். அதுவரை ஒரு பாக்கெட் விற்க முடியாது. வட்டிக் கடனோ அடுத்த மாதமே தவணை கேட்கும். வட்டி நமக்கு ஹராம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வட்டியே வாங்காத ஒருவர் மூன்று மாதத் தவணையில் கைமாற்றுக் கொடுத்தாலும் இந்தத் தொழிலுக்கு அது பொருந்தாத பணம்தான்.

அப்படியானால் பொருந்தும் பணம் எது? இதற்கு ஹைதராபாத்தில் நடந்த ஒன்றைச் சொன்னோம். வரபிரசாத் ரெட்டி என்பவர் பொறியாளர். உயிரியல் படித்தவர் அல்லர். 1990-களின் தொடக்கத்தில் ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசி நம் நாட்டில் வெளிநாட்டுச் சரக்காக மட்டுமே கிடைத்தது. பல நூறு ரூபாய் விலை. தொழில்நுட்பத்தை விலைக்குக் கேட்டு அவர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றை அணுகியபோது, இந்தியர்களுக்கு இதெல்லாம் கைவராது என்ற தோரணையில் பதில் வந்தது. இங்கேயே செய்துகாட்டுவது என்று 1993-ல் தன் தாயார் பெயரில் சாந்தா பயோடெக்னிக்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். வங்கிகள் கைவிரித்தன. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. அடமானம் வைக்கக் கட்டடம் இல்லை, காட்டுவதற்கு விற்பனைக் கணக்கும் இல்லை.

அப்போது பணம் போட்டவர் ஓமன் நாட்டு அமைச்சர் யூசுப் பின் அலவி. (இதைச் சொன்னதும் அந்தத் தாய் "மஸ்கட்லயா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.) அவர் கடனாகக் கொடுக்கவில்லை, பங்குதாரராகச் சேர்ந்தார். மருந்து வந்தால் லாபத்தில் பங்கு, வராவிட்டால் போட்டது போகும். ஓமன் நாட்டு வங்கி ஒன்றில் கம்பெனிக்குக் கடன் கிடைக்கவும் அவர் துணை நின்றார். ஆய்வு முதலில் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் பிறகு ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்திலும் நடந்தது. 1997 ஆகஸ்டில் ஷான்வாக்-பி என்ற பெயரில் தடுப்பூசி சந்தைக்கு வந்தது. ஒரு டோஸ் சுமார் 50 ரூபாய். நான்கு ஆண்டுகள் விற்பனை இல்லாமல் ஒரு கம்பெனி உயிரோடு இருந்தது என்றால், அவசரப்படாத பங்குப் பணம் இருந்ததால்தான்.

நம் மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு என்று சேர்வதை முளாரபா என்று படித்திருக்கிறோம். லாபத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று முன்கூட்டியே பேச வேண்டும். மாதம் இவ்வளவு என்று உறுதியான தொகை பேசக் கூடாது. உழைப்பவர் பக்கம் தவறோ கவனக்குறைவோ இல்லாமல் நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்குப் பணம் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும். இருவரும் முதல் போட்டால் நஷ்டம் அவரவர் முதலின் அளவுக்கு. நுணுக்கமான விவரங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'கம்பெனியில் சேருங்கள், லட்சத்துக்கு மாதம் இவ்வளவு லாபம்' என்று வளைகுடாவில் இருப்பவர்களின் வாட்ஸப் குழுக்களில் பணம் கேட்கிறார்கள். லாபம் என்று பெயர் வைத்தாலும் உறுதித் தொகை என்றால் அது வட்டியின் வேறு சட்டைதான். அனுமதியின்றி இப்படி டெபாசிட் திரட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தனியார் கம்பெனி தன் பங்கை வாங்கும்படி பொதுமக்களை அழைக்கவும் கூடாது. தெரிந்த சிலரிடம், எழுத்தில், முறைப்படி வாங்கலாம். உண்டியல் போல ஊரெல்லாம் வசூலிக்க முடியாது. நம் குடும்பங்கள் இதில் இழந்த பணம் கொஞ்சமல்ல.

பங்குதாரர் கிடைக்கும் முன்பே கேட்டுப் பார்க்க வேண்டிய பணமும் இருக்கிறது. மத்திய அரசின் பைராக் நிறுவனம் ஆரம்பநிலை உயிரியல் யோசனைகளுக்கு 'பிக்' என்ற திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, பங்கும் கேட்பதில்லை. போட்டி கடுமை, விண்ணப்பம் எழுதுவதே ஒரு மாத வேலை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனமும் டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதி தருகிறது. நிலத்தை விற்பதற்கு முன் இந்தக் கதவுகளைத் தட்ட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

குடும்பச் சொத்தைத் தொடவே கூடாதா என்று கேட்டார் மகள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளோடு தொடங்கியபோது வீட்டை அடமானம் வைத்தார். குடும்பத்து நகையும் போனது. உண்மைதான். ஆனால் அவர் அரசு மருத்துவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அறுவை சிகிச்சை அவர் கையில் இருந்தது, நோயாளிகள் முதல் நாளிலிருந்தே வந்தார்கள். அது சோதனை முடிந்த தொழில். அதே குழுமம் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தானே தயாரிக்க 1992-ல் ஆரோலேப்பைத் தொடங்கியபோது, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் உதவியோடுதான் செய்தது. 100 டாலர் அளவில் இருந்த லென்ஸ் 10 டாலர் அளவுக்கு இறங்கியது. சோதனை முடியாத பொருளுக்கு வீட்டை வைப்பது வேறு கணக்கு.

பணத்தைப் பற்றிப் பேசியதில் பாதி நேரம்கூட அந்தத் தோழிகள் இருவரைப் பற்றிப் பேசவில்லை என்று பிறகு தோன்றியது. மறு வாரம் மூவரையும் வரச் சொன்னோம். யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்டதற்கு மூவரும் சிரித்தார்கள். "நாங்க ஃபிரெண்ட்ஸ், சார்" என்றார் ஒருவர். நாளை ஒருவருக்குத் திருமணமாகி வெளியூர் போனால் அவர் பங்கு என்ன ஆகும்? செய்முறை யார் பெயரில் இருக்கும்? கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுதுவது சந்தேகத்தால் அல்ல என்று சொல்லிப் புரியவைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னோம். ஆய்வகத்தில் வரும் கெட்ட செய்தியைச் சொல்கிறவருக்குத் தலைவர் பக்கம் இடம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் என்ற இளம்பெண் 2003-ல் தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனைக் கம்பெனியைத் தொடங்கினார். முதலீட்டாளர்களிடம் 70 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்று உள்ளே இருந்த இளம் ஊழியர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது எடுபடவில்லை. வாயை அடைக்கத்தான் பார்த்தார்கள். 2022-ல் முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக அவருக்கு 11 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. முதலீட்டாளருக்கு நல்ல செய்தி மட்டுமே சொல்லிப் பழகியவர், ஊழியரிடமும் நல்ல செய்தி மட்டுமே கேட்கப் பழகிவிடுவார். பிரியாணியில் உப்பு கூடிப்போனால் பந்தியில் உட்கார்ந்தவர் சொல்லிவிடுவார். மருந்தில் கூடிப்போனால் சொல்ல வேண்டியவர் உள்ளே இருக்கும் ஊழியர்தான்.

சாந்தாவுக்கும் சோதனை வந்தது. கம்பெனி பிரான்ஸ் நாட்டு சனோஃபியின் கைக்குப் போன பிறகு, 2010-ல் அதன் ஐந்து நோய்த் தடுப்பூசியின் குப்பிகளில் வெண்படிவு தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் அதற்குக் கொடுத்திருந்த தகுதியை விலக்கிக்கொண்டது. தயாரிப்பைச் சரிசெய்து 2014-ல் மீண்டும் தகுதி பெற்றார்கள். நான்கு ஆண்டுகள் போயின, கம்பெனி பிழைத்தது.

அந்த மூவரும் இப்போது பங்கு விவரத்தை இரண்டு பக்கங்களில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். டான்சீட், பிக் இரண்டுக்கும் விண்ணப்பம் தயாராகிறது. ஒரு வெங்காய விவசாயி அடுத்த பட்டத்தில் சோதனைக்காகத் தன் வயலில் பத்து சென்ட் ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். நிலம் இன்னும் விற்கப்படவில்லை. வட்டிப் பேச்சை மாமாவே நிறுத்திவிட்டாராம். மஸ்கட்டிலிருந்து அத்தா போனில் கேட்ட ஒரே கேள்வி, மருந்து பலிக்காமல் போனால் மகள் வேறு வேலைக்குப் போக முடியுமா என்பது. முடியும் என்று சொன்னோம்.

விண்ணப்பம் எழுதவும் பங்கு ஒப்பந்தம் தயாரிக்கவும் உதவி வேண்டுவோர் ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். வரும்போது இதுவரை செய்த சோதனைகளின் குறிப்பேட்டை, பலிக்காதவற்றையும் சேர்த்து, கொண்டு வரவும்.