ஓடும் கார் வேறு, விற்கத்தக்க கார் வேறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் தோட்டம் சூழ்ந்த தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்து வருகின்றன. அப்படி ஒரு வீடு காலியாகும்போது, பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திய பழைய கார் ஒன்று வெளியே வருவதுண்டு. பெரும்பாலும் அது அம்பாசிடராகவோ பியட்டாகவோ இருக்கும். அரிதாக ஒரு டாட்ஜ், ஒரு பிளைமவுத், ஒரு செவ்ரோலெட். அதைத் தேடி முதலில் வருபவர் பழைய இரும்புக் கடைக்காரர். அடுத்து வருபவர் தரகர். குடும்பத்தினர் அப்போது எடுக்கும் முடிவுதான் அந்தக் காரின் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எப்படியாவது ஓட வைத்துவிட்டால் நல்ல விலை கிடைக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. எஞ்சின் உயிர் பெறுவது ஒன்று. அந்தக் காரைச் சட்டப்படி இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடிவது வேறொன்று. இரண்டாவதைக் கவனிக்காமல் முதலாவதற்குப் பணத்தைக் கொட்டியவர்கள் இறுதியில் ஓடுகிற, ஆனால் விற்க முடியாத காரோடு நிற்கிறார்கள்.

அமெரிக்க கார்கள் இங்கு ஏன் இவ்வளவு அரிதாயின என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. ஃபோர்டு நிறுவனம் 1926-இல் இந்தியாவில் கிளை தொடங்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் பம்பாயின் சியூரியில் பாகங்களைக் கோத்துக் கார்களை உருவாக்கத் தொடங்கியது. தென்னகத்தில் அவற்றைப் பரவச் செய்ததில் மதுரையின் டி.வி.எஸ். நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. கிரைஸ்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்ட பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1947 முதல் பம்பாய் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ கார்களைக் கோத்தது. 1953-இல் சுங்கத் தீர்வை ஆணையம், உள்நாட்டிலேயே பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. வெறும் கோப்புப் பணி செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறின. 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணி சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தபோது, அமெரிக்க கார்களின் வரத்து ஏறத்தாழ நின்றுபோயிருந்தது.

புதிய கார் கிடைக்காததால் இருந்த கார்களைக் கட்டிக் காத்தார்கள். பெட்ரோல் செலவு தாங்காமல் பலர் ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சென்னை சிம்சன் நிறுவனம் தயாரித்த பெர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். அந்த மாற்றமே பல கார்களைச் சாலையில் வாழவைத்தது. இன்று விற்கப் போகும்போது அதுவே குறையாகிவிடுகிறது.

நெடுங்காலம் நின்ற காரை எழுப்புவதற்கு இந்த வட்டாரத்தைவிட ஏற்ற இடம் தமிழகத்தில் குறைவு. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கடைசல் பட்டறைகளில், கடையில் கிடைக்காத கிங்பின்னையும் புஷ்ஷையும் மாதிரி பார்த்துக் கடைந்து தருகிறார்கள். சிலிண்டருக்கு லைனர் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவசரம் கூடாது. புதிய பேட்டரியை மாட்டி உடனே ஸ்டார்ட் செய்து பார்ப்பது, இறுகிக் கிடக்கும் பிஸ்டன் வளையங்களை உடைக்கும் வழி. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, பிறகு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். 1950-களின் முற்பகுதி வரையிலான பெரும்பாலான அமெரிக்க கார்களின் மின்சுற்று 6 வோல்ட் கொண்டது. அதில் இன்றைய 12 வோல்ட் பேட்டரியை யோசிக்காமல் பொருத்தினால் பல்புகளும் கருவிகளும் கருகும்.

டாங்கில் எஞ்சிய பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், சக்கர சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும். ஒயர்களின் உறையை எலி கடித்திருக்கும். இன்று பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் டயாபிரத்தையும் அது அரிக்கும். அவற்றையும் மாற்றியாக வேண்டும். இந்த வேலைகளுக்கான ரசீதுகளும், கழற்றிய பழைய பாகங்களும் பத்திரமாக இருக்கட்டும். விற்பனையின்போது இவற்றைப் போல் நம்பிக்கை தருபவை வேறில்லை.

ஆயினும் பட்டறைக்கு முன்பே போக வேண்டிய இடம் ஒன்றுண்டு. அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

இப்படிப்பட்ட கார்களில் பெரும்பாலானவை மறைந்த தந்தை அல்லது தாத்தாவின் பெயரில் இருக்கும். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 வழியாகப் பெயர் மாற்றக் கோர வேண்டும் என்கிறது விதி. முப்பது ஆண்டுகள் யாரும் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றைத் திரட்டுவதே பெரும்பாடு. அதற்குள் ஒரு வாரிசு வெளிநாட்டில் இருப்பார், இன்னொருவர் காலமாகியிருப்பார். காரின் பதிவுச் சான்று மட்டும் கையில் இருந்து, வாரிசுரிமை முடிவாகாமல் இருந்தால், விற்பவருக்கு விற்கும் உரிமையே இல்லை.

வெற்றுப் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு காரை ஓட்டிச் செல்லும் தரகர்களிடம் எச்சரிக்கை தேவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கக் கட்டளையிடுகிறது. தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கார் பல கைகள் மாறிய பிறகு விபத்து நேர்ந்த வழக்கு அது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விலையை வாங்கிப் பையில் போட்டதும் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணும் முதியவர்கள் இதை மறக்கக் கூடாது.

அடுத்த கேள்வி, எந்தப் பதிவின் கீழ் விற்பது என்பது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு அவை பொருந்தும். புதிதாகப் பதிய ரூ.20,000 கட்டணம், பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவு பெற்ற கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிவு பெற்ற காரை விற்கவும் வாங்கவும் தடையில்லை. ஆனால் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை. சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்த காருக்கு இந்தத் தகுதி கிடைக்காது. டீசல் எஞ்சின் பொருத்திய அந்தப் பழைய டாட்ஜ் தடுமாறுவது இங்குதான்.

இந்த வழி வேண்டாமென்றால் வழக்கமான பதிவைப் புதுப்பிக்கலாம். டெல்லி வட்டாரத்தில் உள்ளதுபோல வயதை மட்டும் வைத்து விதிக்கும் தடை தமிழகத்தில் இல்லை. தகுதித் தேர்வில் தேறி, பசுமை வரியும் கட்டணமும் செலுத்தினால் பதிவு புதுப்பிக்கப்படும். ஆனால் 2025 ஆகஸ்டில் கட்டணங்கள் உயர்ந்துவிட்டன. 20 ஆண்டு கடந்த காருக்கு ரூ.10,000; இறக்குமதியான காராக இருந்தால் ரூ.80,000. ஒரே தோற்றம் கொண்ட இரண்டு கார்களில் ஒன்று குர்லாவில் கோக்கப்பட்டதாகவும் மற்றது கப்பலில் வந்திறங்கியதாகவும் இருக்கலாம். பதிவுச் சான்றில் உள்ள ஒரு வரி எட்டு மடங்கு வேறுபாட்டை உண்டாக்கிவிடும். வாங்குபவர் இதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது.

விலைக்கு வருவோம். இத்தகைய கார்களுக்குச் சந்தை விலை என்று எதுவும் இல்லை. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் சான்றோடு ஒத்துப்போகிறதா, பாகங்கள் மூலப் பாகங்களா, யாரெல்லாம் வைத்திருந்தார்கள் என்பவையே விலையை நிர்ணயிக்கின்றன. காமராஜர் பயன்படுத்திய எம்.டி.டி. 2727 என்ற செவ்ரோலெட்டை நினைத்துப் பாருங்கள். தேனாம்பேட்டை காமராஜர் அரங்க வளாகத்தில் நெடுநாள் நின்றிருந்து, அண்மைக் காலத்தில்தான் அது சீரமைக்கப்பட்டது. காரின் மாடல் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த எண் தெரியும். எண்ணை அகற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரு கருப்பு கார்தான். நம் வீட்டுக் கொட்டகைக் காருக்கும், சிறிய அளவில், இது பொருந்தும்.

ஆகவே விற்பவர் எதையும் மறைக்காமல் சொல்வது அறம் மட்டுமன்று, ஆதாயமும்கூட. எத்தனை ஆண்டு நின்றது, 2015 வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே புகுந்ததா, எஞ்சின் எப்போது மாறியது, எந்தப் பாகம் உள்ளூரில் கடைந்தது என்று எழுத்தில் தர வேண்டும். துருவை மறைக்கப் பட்டி பூசிப் பளபளப்பாக்கிய காரைவிட, துரு தெரியும் நேர்மையான காரையே விவரமறிந்தவர்கள் விரும்புவார்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய பதிவெண்கள் பலவற்றின் விவரம் கையெழுத்துப் பதிவேடுகளில்தான் இருக்கிறது. அவை கணினியில் ஏறாதவரை, எந்த விண்ணப்பமும் முதல் படியைத் தாண்டாது. அந்தப் பதிவேடுகள் செல்லரிப்பதற்கு முன் அவற்றைப் படியெடுத்து, பழைய கார்களின் வாரிசுப் பெயர் மாற்றத்துக்கென வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிறப்பு முகாம் நடத்தலாம். அரை நூற்றாண்டுக்கு முன் மாற்றிய எஞ்சினையும் அந்தக் காரின் வரலாற்றின் ஒரு பகுதியாக ஏற்கும்படி 2021 விதிகளைத் திருத்துவது குறித்தும் மத்திய அரசு சிந்திக்க வேண்டும்.

கொட்டகையில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மெக்கானிக்கை அழைப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து பதிவுச் சான்றைத் தேடுங்கள். அந்தக் காரைப் பற்றி அறிந்த பெரியவர் வீட்டில் இன்னும் இருந்தால், அவர் சொல்வதை இன்றே எழுதி வையுங்கள்.