கை நடுக்கம் வயதின் கணக்கா?

இரு கைகளையும் தோள் மட்டத்தில் முன்னே நீட்டி, விரல்களை அகல விரித்து, அவற்றின்மீது மெல்லிய தாள் ஒன்றைக் கிடத்தினால், எந்த நோயும் இல்லாத இருபது வயதினரின் கையிலும் தாளின் ஓரம் மெல்லத் துடிப்பதைக் காணலாம். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்கிறதோ என்று ஐயுறும் மருத்துவர்கள் இன்றும் செய்து பார்க்கும் எளிய சோதனை இது. தாளின் துடிப்பு பெரிதாக இருந்தால் அது நோயின் குறியாகலாம், சிறிதாக இருந்தால் உயிருள்ள கையின் இயல்பு. அசையாத கை என்று ஒன்று மனிதருக்கு இல்லை. எல்லோரிடமும் ஓயாமல் நிகழும் இந்த நுண்ணசைவை உடலியல் நடுக்கம் என்பர். பெரும்பாலும் நொடிக்கு 8 முதல் 12 முறை வரை நிகழும் இது, வீச்சில் மிகச் சிறியதாகையால் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. கை நடுங்கினால் வயதாகிவிட்டது என்று பொருள்கொள்ளும் வழக்கத்தைச் சோதிக்கப் புகுமுன், வயதே ஆகாத கை ஏன் நடுங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரணம் ஒன்றன்று. முதலாவது, கையின் உடற்கட்டே. சுருள்வில்லில் தொங்கும் பொருளைத் தட்டினால் அது தன் எடைக்கும் வில்லின் விறைப்புக்கும் ஏற்ற ஒரு தாளத்தில் ஆடுவதுபோல, எலும்பும் தசையும் நாணும் சேர்ந்த ஒவ்வொரு உறுப்பும் தனக்கென ஓர் இயற்கை அதிர்வெண்ணை, அதாவது ஒரு நொடியில் இத்தனை முறை என்னும் ஆட்டக் கணக்கைக் கொண்டிருக்கிறது. இலேசான விரல் நொடிக்கு இருபதுக்கும் மேற்பட்ட முறை அதிரும், கனமான முழங்கை மூன்று முதல் ஐந்து முறைக்குள் நின்றுவிடும். அந்த ஆட்டத்தைத் தட்டி எழுப்பும் விசைகளுள் இதயத் துடிப்பும் ஒன்று: ஒவ்வொரு துடிப்பிலும் தமனிகளில் பாயும் குருதியின் உந்துதல் விரல் நுனிவரை எட்டுகிறது. தசை நீளும்போது அதை உணர்ந்து தண்டுவடத்திற்குச் செய்தி அனுப்பி, அங்கிருந்து சுருங்கும் ஆணையைப் பெறும் அனிச்சைச் சுற்று, செய்தி போய்த் திரும்ப ஆகும் கால இடைவெளியால் சற்றே பிந்திச் செயல்பட்டு, அசைவை அடக்குவதற்குப் பதில் சில வேளைகளில் வளர்த்தும்விடுகிறது. இவற்றோடு, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்கூட்டங்கள் தாமே எழுப்பும் தாளம் ஒன்றும் உண்டு. இதை மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் முறை எளிது: கையில் சிறு எடையைக் கட்டினால் உடற்கட்டால் வரும் ஆட்டம் வேகம் குறைந்துவிடும், நரம்பு மண்டலத்திலிருந்து வரும் தாளமோ எடையைப் பொருட்படுத்தாமல் அதே கணக்கில் தொடரும்.

அச்சமும் களைப்பும் இந்த நடுக்கத்தைக் கண்ணுக்குத் தெரியுமளவு பெருக்குகின்றன. அச்சத்தைப் பொறுத்தவரை, அட்ரினலின் என்னும் சுரப்பு தசைகளில் உள்ள பீட்டா ஏற்பிகளைத் தூண்டுவதே அதற்குக் காரணம். ஆகவே அந்த ஏற்பிகளை அடைக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்துகள் கையை அமைதிப்படுத்துகின்றன. வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் ஆகிய போட்டிகளில் இவ்வகை மருந்துகள் தடை செய்யப்பட்டிருப்பதன் பின்னணி இதுவே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் ஒருவர் புரோப்ரனலால் உட்கொண்டதற்காகத் தாம் வென்ற இரு பதக்கங்களையும் இழந்தார். எதிர்த்திசையில், மூச்சிரைப்புக்கு உறிஞ்சப்படும் சால்பியூட்டமால், வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட், மனநல மருந்தாகிய லித்தியம், அளவு மிஞ்சிய தைராக்ஸின் ஆகியவை நடுக்கத்தைக் கூட்டுவன. நீரிழிவு மாத்திரை உண்பவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தாலும் கை நடுங்கும். முதியவர்கள் பலரும் இந்த மருந்துகளில் ஒன்றையேனும் எடுத்துக்கொள்பவர்கள் என்பதால், முதுமையின் கணக்கில் எழுதப்படும் நடுக்கத்தில் ஒரு பங்கு உண்மையில் மருந்துச்சீட்டின் கணக்கில் சேர வேண்டியது.

அப்படியானால் நோயற்ற முதியவரின் கையில் வயது எதை மாற்றுகிறது? 1961-இல் வெளிவந்த ஜான் மார்ஷலின் அளவீடுகள், நடுத்தர வயதைக் கடந்தபின் நடுக்கத்தின் அதிர்வெண் இறங்கிச் செல்வதாகக் காட்டின. முதுமை என்றால் மெதுவாதல் என்ற பொது எண்ணத்தோடு இது பொருந்தியதால் நெடுங்காலம் ஏற்கப்பட்டும் வந்தது. பிறகு, வேகமாற்றத்தை நுட்பமாகப் பதியும் முடுக்கமானிகள், அதாவது இன்று கைப்பேசிக்குள்ளும் இருக்கும் அச்சிறு உணரிகள், ஆய்வகங்களுக்கு வந்தன. நரம்பு நோய் உள்ளவர்களைக் கவனமாக விலக்கிவிட்டு அளந்தபோது படம் மாறியது. ஸ்டர்மன், வைலன்கோர்ட், கார்கோஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் இருபதுகளில் உள்ளவர்கள் முதல் தொண்ணூறைக் கடந்தவர்கள் வரை அளந்து 2005-இல் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது: நடுக்கத்தின் வீச்சும் முதன்மை அதிர்வெண்ணும் வயதோடு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை, மாறியது அதன் ஒழுங்கு. இளையவரின் கை ஒவ்வொரு கணமும் சற்றே வேறுபட்டு, அடுத்த அசைவை ஊகிக்க முடியாதவாறு நடுங்குகிறது. முதியவரின் கையோ அதே அளவு நடுங்கினாலும், ஒரே தாளத்தை மீண்டும் மீண்டும் வாசிப்பதுபோல நடுங்குகிறது.

ஒழுங்கு கூடுவது நலத்தின் அடையாளம் என்றே யாருக்கும் முதலில் தோன்றும். உடலைப் பொறுத்தவரை அது பல இடங்களில் நேர்மாறானது. பல மூலங்களிலிருந்து வரும் பல தாளங்கள் ஒன்றோடொன்று கலப்பதால்தான் இளமையின் அசைவு சிக்கலாகத் தெரிகிறது. மூலங்கள் குறைந்தாலோ அவை ஒன்றோடொன்று பிணைந்துவிட்டாலோ எஞ்சுவது எளிய, சீரான, ஆனால் புதிய சூழலுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் திறன் குன்றிய தாளம். லிப்சிட்ஸ், கோல்ட்பெர்கர் என்னும் மருத்துவர்கள் 1992-இலேயே, இதயத் துடிப்பின் இடைவெளிகள் போன்றவற்றை எடுத்துக்காட்டி, மூப்பு என்பதைச் சிக்கல்தன்மையின் இழப்பாகக் காணலாம் என்று எழுதியிருந்தனர். கையின் நடுக்கமும் அந்த வரிசையில் வந்து நிற்பதாகக் கொள்ள இடமுண்டு.

இந்த மாற்றத்தின் வேர்களுள் ஒன்று தண்டுவடத்தில் இருக்கிறது. ஒரு நரம்பணுவும் அது ஆளும் தசைநார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. இறந்தவர்களின் தண்டுவடங்களில் கால் தசைகளை ஆளும் நரம்பணுக்களை எண்ணி டாம்லின்சனும் இர்விங்கும் 1977-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 60 வயது வரை இழப்பு ஏதும் தென்படவில்லை. அதன்பின் எண்ணிக்கை குறைந்துகொண்டே சென்று, சிலரிடம் பாதியளவாகவும் ஆகிவிடுகிறது. ஆளும் அணுவை இழந்த தசைநார்கள் உடனே அழிந்துபோவதில்லை. அண்டையிலுள்ள நரம்பணு கிளைவிட்டு வந்து அவற்றுள் சிலவற்றைத் தன்னுடையவையாக்கிக்கொள்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைச் சித்தப்பா வீட்டார் ஏற்பது போன்ற இந்த ஏற்பாட்டால் அலகுகள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருக்கின்றன. விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டிய இடத்தில் பெரிய பெரிய படிகளே இருப்பதால், ஊசியில் நூல் கோப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, கோலத்தின் இழையை ஒரே பருமனில் இழுப்பது போன்ற மென்விசை வேலைகளில்தான் தடுமாற்றம் முதலில் வெளிப்படுகிறது. கனமான குடத்தைத் தூக்க முடிகிற கை, நூலைக் கோக்கத் திணறுவது முரண் அன்று.

மூப்பை அளக்க இன்று முன்வைக்கப்படும் உயிரியல் குறிகள் பல. குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் டீலோமியர்கள் உயிரணு ஒவ்வொரு முறை பிரியும்போதும் குறுகுகின்றன. இவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காகவே பிளாக்பர்ன், கிரைடர், சோஸ்டாக் ஆகியோர் 2009-இல் நோபெல் பரிசு பெற்றனர். டி.என்.ஏ.வின்மீது ஒட்டும் மெத்தில் என்னும் வேதிக்குறிகளை 353 இடங்களில் படித்து வயதைக் கணிக்கும் கடிகாரத்தை 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் வடிவமைத்தார். ஒரே மனிதரிடம் இந்தக் கடிகாரங்கள் ஒரே மணியைக் காட்டுவதில்லை என்பது இத்துறையின் தீராத சங்கடம். இவற்றோடு ஒப்பிட, கைப்பிடியின் வலு மலிவான, ஆனால் வியக்கத்தக்க அளவு நம்பகமான குறியாக இருக்கிறது: இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த பியூர் ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறைந்தால் இறப்பின் இடர் 16 விழுக்காடு கூடியிருந்தது. ஆக, கை வயதைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தன் பிடியால் சொல்லுமளவு நடுக்கத்தால் சொல்வதில்லை.

கண்ணுக்குப் புலனாகும் நடுக்கத்தை முன்னாளில் மருத்துவ நூல்களே முதுமை நடுக்கம் என்று பெயரிட்டு அமைதி கண்டன. அதில் பெரும்பகுதி இன்று எசென்ஷியல் ட்ரெமர் எனப்படுகிறது. இங்கே எசென்ஷியல் என்பதற்கு இன்றியமையாத என்று பொருளில்லை, புறக்காரணம் எதையும் சுட்ட முடியாமல் தானே தோன்றியது என்று பொருள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதும் எழுதும்போதும், அதாவது கை செயல்படும்போது, தோன்றுவது இதன் இயல்பு. குடும்ப வழியாக வருவதும் மிகுதி. 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேரிடம் இது காணப்படுகிறது, அதாவது மற்ற தொண்ணூற்றைந்து பேரிடம் இல்லை. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு நோயாளிகளைக் கொண்டு விவரித்த நோயிலோ, கை மடியில் ஓய்ந்து கிடக்கும்போது, நொடிக்கு 4 முதல் 6 முறை, மாத்திரை உருட்டுவதுபோன்ற நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்குகிறது.

நடுக்கத்திற்கும் ஆயுளுக்கும் உள்ள உறவைப் பற்றி வியப்பான எதிர்க்கருத்து ஒன்றும் உண்டு. உருசிய நரம்பியலாளர் லாசர் மினோர், பரம்பரை நடுக்கமுள்ள குடும்பங்களில் நீண்ட ஆயுளும் மக்கட்பேறும் மிகுதி என்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதினார். 1995-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வும், இந்நடுக்கம் உள்ளவர்களின் பெற்றோரில் நடுங்கியவர்கள் நடுங்காதவர்களைவிட நெடுநாள் வாழ்ந்ததாகக் கண்டது. நெடுநாள் வாழ்ந்தவருக்கே நடுங்குமளவு காலம் கிடைத்தது என்றும் அதைப் படிக்கலாம் என்பது வேறு. நடு ஸ்பெயினின் முதியோரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளியான ஆய்வு, இதற்கு மாறாக, இந்நடுக்கம் உடையோரிடையே இறப்பு சற்றுக் கூடுதல் என்றது.

நடுக்கம் எப்போது தொடங்கியது என்பதே மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று. பெரும்பாலோர்க்கு அது நினைவிலிருப்பதில்லை. அதற்கு உதவுவது பழைய கையெழுத்து. ஓய்வூதியக் கணக்கைத் தொடங்கிய நாளில் வங்கியில் இட்ட மாதிரிக் கையொப்பத்தையும், பத்திரங்களிலும் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகளிலும் இட்டவற்றையும் ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், எசென்ஷியல் ட்ரெமரில் எழுத்து பெரிதாகவே இருந்து அலையலையாக நெளிவதும், பார்க்கின்சன் நோயில் எழுத்து சொல்லுக்குச் சொல் சுருங்கிச் சிறுப்பதும், இயல்பான முதுமையில் கோடு சற்று மெதுவாக, ஆனால் அதே வடிவில் ஓடுவதும் தெரியவரும்.