பன்னிரண்டு பேர், ஒன்பது இடம்

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருக்கிறார். பத்து வயதுப் பேத்தியை 'டிராவல் டீம்' எனப்படும் சாஃப்ட்பால் குழுவில் சேர்க்க 2,000 டாலர் கேட்கிறார்களாம். "பள்ளிக்கூட விளையாட்டுக்கு இவ்வளவு பணமா? ஏதாவது ஏமாற்று வேலையா சார்?" என்று கேட்டார். ஏமாற்று வேலை இல்லை. ஆனால் பணம் கட்டிவிட்டால் குழந்தை விளையாடிவிடும் என்றும் இல்லை. நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமாக இல்லாததால், நம் இதழில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நியூ ஜெர்ஸியில் மகள் வீட்டில் இருந்தேன். பேத்தி 12 வயதுக்கு உட்பட்டோர் குழுவில் ஆடிக்கொண்டிருந்தாள். அமெரிக்கா போனால் நயாகரா, வாஷிங்டன் என்று பார்த்துவிட்டு வருவார்கள். நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் புல்வெளியும், கம்பி வலையும், மடக்கு நாற்காலியும்தான். மத்திய ரயில்வேயின் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு நோட்டு வாங்கி ஆட்டக் கணக்கை எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டு பிறகு வீட்டில் ஒரு சிறு சச்சரவுக்கே காரணமாயிற்று.

முதலில் ஆட்டம். சாஃப்ட்பால் பேஸ்பாலின் தங்கை. 1887-இல் சிகாகோ நகரில் ஒரு படகுச் சங்கத்தின் கூடத்துக்குள் விளையாட்டாகத் தொடங்கியது. பெயரில் 'சாஃப்ட்' இருக்கிறதே தவிர பந்து மெத்தென்று இருக்காது. 12 அங்குலச் சுற்றளவு, பட்டால் வீங்கும். பந்தைத் தோளுக்கு மேலாக அல்ல, கையைக் காற்றாலை போல ஒரு முழுச் சுற்று சுற்றிக் கீழிருந்து எறிவார்கள். இந்த வயதில் எறிபவளுக்கும் அடிப்பவளுக்கும் இடையே 40 அடி. நம் கிரிக்கெட் பிட்ச் 66 அடி என்பதை நினைத்துக்கொண்டால் வேகம் புரியும். களத்தில் 9 பேர்: எறியும் பிட்சர், பிடிக்கும் கேட்சர், உள்வட்டத்தில் நால்வர், வெளிவட்டத்தில் மூவர். மூன்று பேர் அவுட் ஆனால் அடுத்த அணி அடிக்க வரும். முழு ஆட்டம் 7 இன்னிங்ஸ் என்றாலும், போட்டிகளில் 75 நிமிடம் என்பது போல நேரக் கெடு வைத்துவிடுவதால் நான்கைந்து இன்னிங்ஸிலேயே முடிந்துவிடும். இதை மனத்தில் வையுங்கள். இன்னிங்ஸ் குறையக் குறைய, உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வாய்ப்பும் குறைகிறது.

ஒரு குழந்தை இந்த ஆட்டத்தை ஆட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஊர்ப் பொழுதுபோக்கு லீக். பெயர் கொடுத்தால் போதும், எல்லோருக்கும் இடம். என் மகள் கட்டியது 150 டாலர். லிட்டில் லீக் என்னும் பெரிய அமைப்பின் விதியில், ஆட்டத்துக்கு வந்த ஒவ்வொரு குழந்தையும் குறைந்தது ஆறு அவுட் விழும் வரை களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது மட்டை பிடிக்க வேண்டும் என்றே இருக்கிறது. எவ்வளவு நியாயமான விதி என்று தோன்றுகிறதல்லவா? இதே லிட்டில் லீக்தான் ஒரு காலத்தில் பெண் குழந்தைகளையே சேர்க்கவில்லை. 1972-இல், என் மகள் வீட்டிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய ஹோபோகன் ஊரில், மரியா பெப்பே என்ற 12 வயதுச் சிறுமி பையன்களோடு பேஸ்பால் ஆடினாள். மூன்று ஆட்டம் பந்து எறிந்தாள். அவளை நீக்காவிட்டால் ஊர்க் கிளையின் அங்கீகாரத்தை ரத்து செய்வோம் என்றது தலைமையகம். பெண்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1973-இல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்து, 1974-இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. அதற்குள் மரியாவுக்கு வயது கடந்துவிட்டது. அவள் மறுபடி அந்த லீக்கில் ஆடவே இல்லை. அதே 1974-இல்தான் லிட்டில் லீக் பெண்களுக்கென சாஃப்ட்பால் பிரிவைத் தொடங்கியது.

இரண்டாவது வழி டிராவல் டீம். பெயருக்கேற்ப ஊர் ஊராகப் போய் ஆடும் குழு. இதில் எல்லோருக்கும் இடம் என்ற பேச்சே கிடையாது. இந்தக் குழுக்களை அரசோ பள்ளியோ நடத்துவதில்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். மைதானம், காப்பீடு, பயிற்சியாளர், பிறப்புச் சான்றிதழோடு ஆட்டக்காரர் பட்டியல் இவை இருந்தால், யுஎஸ்ஏ சாஃப்ட்பால் போன்ற ஓர் அமைப்பில் பதிவு செய்துகொண்டு போட்டிகளுக்குப் போய்விடலாம். சில பெரிய கிளப்கள் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வைத்திருக்கின்றன. பல குழுக்கள் எப்படிப் பிறக்கின்றன என்றால், ஓர் அப்பாவுக்குத் தம் மகள் நல்ல குழுவில், நல்ல இடத்தில் ஆட வேண்டும் என்று ஆசை. கிடைக்கவில்லை. தாமே ஒரு குழுவைத் தொடங்கிவிடுகிறார்! அவர் மகள் பிட்சர் ஆகிறாள். அவருடைய நண்பரின் மகள் ஷார்ட்ஸ்டாப். இதற்கு அங்கே 'டாடி பால்' என்று பெயரே இருக்கிறது. அவர்களையும் குறை சொல்ல முடியாது. சம்பளமில்லாமல் வாரத்துக்கு மூன்று மாலை வெயிலில் நிற்கிறவர்கள் அவர்கள்தான். நம் சங்க நாடகத்தில் கதாநாயகன் வேஷம் யாருக்குப் போகிறது என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும்.

ஆகஸ்டு மாதத்தில் தேர்வு நடக்கும். குழந்தைகளின் முதுகில் எண் ஒட்டுவார்கள். ஓடு, எறி, பிடி, அடி என்று இரண்டு மணி நேரம். ஓரத்தில் நால்வர் அட்டையில் குறிக்கிறார்கள். அன்றிரவோ மறுநாளோ தொலைபேசி வரும். ஓரிரு நாளில் முன்பணம் கட்டிச் சம்மதம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் நேர்மையான பரீட்சைதான். ஆனால் போன வருடத்து ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்களின் மகள்கள், முன்பே பேசி வைத்த பிட்சர்கள் எல்லாம் போக, உண்மையில் காலியாக இருப்பது மூன்று இடமோ நான்கு இடமோ. இது எல்லோருக்கும் தெரியும், புதிதாக வந்த குடும்பத்தைத் தவிர.

செலவைச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தியின் குழுக் கட்டணம் ஆண்டுக்கு 1,800 டாலர். மட்டை 300. பென்ஸில்வேனியாவில் போட்டி என்றால் வெள்ளி இரவே போய் ஓட்டலில் தங்க வேண்டும். சில போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்று நிபந்தனை. தவிர, தனிப் பயிற்சி. பெற்றோர் இருவரில் ஒருவருக்காவது சனி, ஞாயிறு ஓய்வாக இருக்க வேண்டும், வீட்டில் இரண்டு கார் வேண்டும். ஆக, ஓடத் தெரியுமா, எறியத் தெரியுமா என்ற கேள்விக்கு வருவதற்கு முன்பே எத்தனையோ குழந்தைகள் கழிந்துவிடுகிறார்கள்.

இனி என் நோட்டு. பேத்தியின் குழுவில் 12 பேர். களத்தில் 9. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகலாம் என்பதற்காகக் கூடுதலாக எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் தவறில்லை. சனிக்கிழமை மூன்று ஆட்டம், வெறும் தரவரிசைக்காக. ஞாயிற்றுக்கிழமை தோற்றால் வீட்டுக்கு. நான் எழுதிய நான்கு போட்டிகளில் சனிக்கிழமைகளில் மொத்தம் 53 இன்னிங்ஸ். பேத்தி களத்தில் நின்றது 31. ஞாயிற்றுக்கிழமைகளில் 34 இன்னிங்ஸ். அவள் நின்றது 5. பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிட்டிருந்தால் 87-இல் 65 வந்திருக்க வேண்டும். வந்தது 36. கட்டணத்தில் மட்டும் சமபங்கு!

மகளிடம் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. "அப்பா, இதை மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு வராதீங்க. கோச் பார்த்தால் நாம் சண்டைக்கு வருகிறோம் என்று நினைப்பார்" என்றாள். மாப்பிள்ளையோ, "மாமா சொல்வதில் என்ன தப்பு? கணக்கு கணக்குதானே" என்றார். இரண்டு நாள் வீட்டில் அவ்வளவாகப் பேச்சில்லை.

மகளின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 1980-களில் மாதுங்காவில் குடியிருந்தபோது என் பையனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். கைல்ஸ் ஷீல்டு பள்ளிப் போட்டியில் ஆட வேண்டும் என்று துடித்தான். எந்த மைதானத்தில் எந்த வலைப்பயிற்சியில் சேர வேண்டும், யாரை எப்போது பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் மாடியில் இருந்த மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அலுவலகமும், கோவிலும், நம் சங்கமும்தான் தெரியும். நான் விசாரித்துக்கொண்டு போவதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வருஷம் அவன் கேட்கவே இல்லை. அப்போது அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற தங்கைதான் இன்று நியூ ஜெர்ஸியில் தன் பெண்ணை நான்கு ஊர்த் தேர்வுகளுக்குக் காரில் அழைத்துப் போகிறாள்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், பெரும்பாலோர் கல்லூரி உதவித்தொகை என்பார்கள். 1972-இல் வந்த 'டைட்டில் நைன்' சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண் பெண் வேற்றுமை காட்டக்கூடாது என்றது. அதனால் கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின, சாஃப்ட்பால் வளர்ந்தது, 1996-இல் ஒலிம்பிக்ஸுக்கும் போனது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்கு 2024-25 கல்வியாண்டு வரை இருந்த உச்சவரம்பு 12 முழு உதவித்தொகைதான். அதையும் இருபது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2018-இல் வந்த விதிப்படி பதினோராம் வகுப்பின் செப்டம்பர் முதல் தேதிக்கு முன் கல்லூரிப் பயிற்சியாளர் ஒரு பெண்ணோடு இதுபற்றிப் பேசவே கூடாது. பத்து வயதுக் குழந்தையின் விஷயத்தில் கல்லூரியைக் காட்டி யாராவது பணம் கேட்டால் நான் நம்பமாட்டேன்.

சச்சரவைத் தீர்த்தது பேத்திதான். அங்கே ஓர் எழுதாத விதி: ஆட்டம் முடிந்து 24 மணி நேரம் வரை பெற்றோர் பயிற்சியாளரிடம் வாய் திறக்கக்கூடாது. அதற்குப் பிறகும் கேட்க வேண்டியது குழந்தைதான். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் பின் தானே போய், "ஞாயிற்றுக்கிழமை ஆட நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டிருக்கிறாள். வெளிவட்டத்திலிருந்து அவள் எறிவது தூரம் போதவில்லை, ஆனால் தரைப்பந்தை நன்றாக எடுக்கிறாள், இரண்டாம் பேஸுக்குப் பொருத்தம், அந்த இடத்தில் இப்போது இருவர் இருக்கிறார்கள் என்று அவர் நேராகவே சொன்னாராம். எனக்கு அந்த மனிதர் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. மீதிப் பாதி ஏன் போகவில்லை என்றால், அந்த இருவரில் ஒருத்தி அவர் மகள்.

நண்பர் மகனுக்கு நான் சொல்வது இதுதான். பணம் கட்டுமுன் கேளுங்கள்: குழுவில் மொத்தம் எத்தனை பேர்? என் பெண்ணை எந்த இடத்துக்கு எடுக்கிறீர்கள், அந்த இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர்? பயிற்சியாளர்களின் குழந்தைகள் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை யார் ஆடுவார்கள்? நடுவில் விலகினால் பணம் திரும்புமா? இவற்றைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அங்கே எல்லோரும் கேட்கிறார்கள், நம்மவர்கள்தான் தயங்குகிறோம். பத்து வயது என்றால் இன்னும் ஒரு வருடம் ஊர் லீக்கிலேயே ஆடட்டும் என்பது என் எண்ணம். அதில் பிட்சராகவோ கேட்சராகவோ பழகிக்கொண்டால் பின்னால் எந்தக் குழுவும் கூப்பிடும். அந்த இரண்டுக்கும் எப்போதும் தட்டுப்பாடு.

ஆகஸ்டில் பேத்தி மூன்று தேர்வுகளுக்குப் போனாள். பழைய குழு மறுபடி கூப்பிட்டது. மகளுக்கு அதை விட மனமில்லை; பெயர் பெற்ற குழு. பேத்தி ஒரு படி கீழே உள்ள, 11 பேர் மட்டுமே கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தாள். நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய முதல் வெளியேற்ற ஆட்டம். 9-2 என்று தோற்றார்கள். ஐந்து இன்னிங்ஸும் இரண்டாம் பேஸில் நின்றாள். கடைசி இன்னிங்ஸில் ஒரு பந்தைக் கால் நடுவில் விட்டுவிட்டு அழுதாள். எல்லாம் நோட்டில் இருக்கிறது. பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வந்தால் காட்டுகிறேன்.