மிளகாயின் தாய்வீடு

நம் கடைகளில் மூட்டை மூட்டையாக விற்கும் மிளகாய் வற்றலின் தாய்வீடு மெக்சிகோ. போர்ச்சுக்கீசியர் கப்பல் வழியாக இங்கு வந்த சரக்கு அது. அங்கே பச்சையில் ஒரு பெயர், காய்ந்தால் வேறு பெயர். பொப்ளானோ காய்ந்தால் ஆஞ்சோ. ஹலப்பேனோவைப் புகையில் உலர்த்தினால் சிப்போட்லே. மிளகாய் மண்டி வைத்திருக்கும் நமக்கே தலை சுற்றும்!

சமையலும் ஊருக்கு ஊர் வேறு. வடக்கே கோதுமை ரொட்டியும் மாட்டிறைச்சியும். வெராக்ரூஸ் துறைமுகத்தில் மீனோடு ஸ்பானியரின் ஆலிவ் காய் சேரும். ஒஹாக்காவில் வற்றல், எள், பட்டை, கிராம்பு எல்லாம் வறுத்து அரைத்து 'மோலே' என்ற குழம்பு வைப்பார்கள்.

எல்லாப் பகுதிக்கும் ஆதாரம் மக்காச்சோளம். அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, தோல் கழுவி அரைத்து ரொட்டி தட்டுவார்கள். ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, இந்தப் பக்குவம் போகவில்லை. வட இத்தாலியிலும், பின்னர் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பிப் பிழைத்த ஏழைகளுக்குத் தோல் வெடித்தது, புத்தி பேதலித்தது, ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பெலாக்ரா என்ற அந்த நோய்க்கு நியாசின் வைட்டமின் குறைவே காரணம் என்பது 1937-க்குப் பிறகே தெளிவானது. சோளத்தில் அடைபட்டிருக்கும் அந்தச் சத்தை விடுவிப்பது சுண்ணாம்புதான். மெக்சிகோ கிராமத்துப் பெண்கள் பெயர் தெரியாமலே அதைக் காத்து வந்திருக்கிறார்கள்.

இன்று அங்கே சுண்ணாம்பில் பக்குவப்படுத்திய சோளமாவு பாக்கெட்டாகவே மளிகைக் கடைகளில் விற்கிறது.