பிள்ளை நடுவில் இருக்கட்டுமே
இல்லறம் பேசுவோம் – 14

பிப்ரவரி 14 வந்தால் கணவனும் மனைவியும் தனியாக வெளியே போக வேண்டும், பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட வேண்டும் என்று விளம்பரங்கள் சொல்லித் தருகின்றன. மேச்சேரிப் பக்கத்து விசைத்தறிக் குடும்பத்துக்கு இது எப்படிப் பொருந்தும்? தறிப்பட்டறையில் ஷிப்ட் என்றால் பெரும்பாலும் 12 மணி நேரம். கணவன் நைட் ஷிப்ட், மனைவி பகல் ஷிப்ட் என்றால், இருவரும் விழித்திருந்து முகம் பார்க்கும் நேரமே சொற்பம். அந்த நேரத்திலும் மூன்று வயதுப் பிள்ளை மடியில் ஏறிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் எதற்கு என்று பல இளம் தம்பதியர் அந்த நாளையே மறந்துவிடுகிறார்கள். பிள்ளையை ஒதுக்கினால்தான் அது காதலர் நாள் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால், கொண்டாட்டம் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும் என்கிறேன்.

நம் காதல் இலக்கியமே இதற்குச் சாட்சி. ஐங்குறுநூற்றில் முல்லைத் திணைப் பாடல்கள் நூறையும் பாடியவர் பேயனார். அவற்றில் முதல் பத்து, செவிலி கூற்று. மணமாகிப்போன மகளின் குடித்தனத்தைப் பார்த்துவந்த செவிலித்தாய், பெற்ற தாயிடம் விவரம் சொல்கிறாள். மான் இணைக்கு நடுவே குட்டி கிடப்பதுபோல் புதல்வனை நடுவில் விட்டு அவர்கள் படுத்திருந்தார்கள், அது இனிமையாக இருந்தது என்கிறாள். இன்னொரு பாட்டில் மனைவி மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்க, கணவன் பின்னாலிருந்து அவளை அணைத்துக்கொள்கிறான். களவுக் காதலை அத்தனை நுட்பமாகப் பாடிய மரபு, பிள்ளை பிறந்த பிறகும் காதலைப் பாடியிருக்கிறது. அதுவும் ஆடு மாடு மேய்க்கும் முல்லை நிலத்தில். தன் பெயரிலேயே ஒரு செம்மறி ஆட்டினம் கொண்ட மேச்சேரிக்கு அது அந்நிய நிலமா என்ன? பிள்ளைகள் முன்னால் பாசம் காட்டினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்களே என்று தயங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காட்சியைக் கண்டு மகிழ்ந்து போய்ச் சொல்பவளே வீட்டுப் பெரியவள்தான்.

கொண்டாடுவதற்கான வழியும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் பக்கங்களில் ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிறோம். நாரை நீக்கிய தேங்காயைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்குவது பிள்ளைகள் வேலை. கண்ணைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் வடித்து, பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், எள் எல்லாம் திணித்து, அழிஞ்சிக் குச்சியில் செருகி, மஞ்சள் பூசி, வாசலில் நெருப்பு மூட்டி வாட்டுகிறோம். பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்கிறோம். அதே நாள்தான் புதுமணத் தம்பதியைப் பெண் வீட்டுக்கு அழைத்துத் தலை ஆடி விருந்து வைக்கும் நாளும். தம்பதிக்கான விருந்தும் பிள்ளைகளுக்கான நெருப்பும் ஒரே வாசலில் நடக்கின்றன. பிள்ளை பெற்ற தம்பதியும் அந்த ஆடி முதல் நாளையே தங்கள் காதலர் நாளாகக் கொண்டாடட்டும் என்பதுதான் என் யோசனை.

ஆடி என்பதே தம்பதியைப் பிரித்து வைக்கும் மாதமாயிற்றே என்று கேட்கலாம். பெண்ணை அம்மா வீட்டில் நிறுத்திக்கொள்வது முதல் வருடத்து வழக்கம். இரண்டு பிள்ளை பெற்றவளை யாரும் பிரித்து வைப்பதில்லை, யாரும் விருந்துக்கு அழைப்பதும் இல்லை. மரபில் எனக்குள்ள குறை இதுதான். தலை ஆடிக்கு அத்தனை உபசாரம் செய்துவிட்டு, மூன்றாவது நான்காவது ஆடியில், அது மிகவும் தேவைப்படும் நேரத்தில், தம்பதியை அப்படியே விட்டுவிடுகிறோம். இன்னொரு கேள்வி கனமானது. ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் காவிரிக் கரையில் தாலிக்கயிறு மாற்றுவதிலிருந்து அடுப்படி வரை பண்டிகை என்றால் பெண்ணுக்கு வேலைதானே? உண்மை. மறுக்க மாட்டேன். ஆகவே ஆடி முதல் நாள் சமையலைக் கணவன் ஏற்க வேண்டும்; பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பதும் அவன் பொறுப்பாகட்டும். அப்படிச் செய்யாவிட்டால் இந்த யோசனைக்கே பொருளில்லை. தனிமை வேண்டாமா என்பவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. நெருப்பருகே ஆடி ஓய்ந்த பிள்ளைகள் சீக்கிரம் தூங்கிவிடும். பிறகு இருவருக்கும் பேச நேரம் இருக்கும், மனைவிக்குப் பேசத் தெம்பும் இருக்கும்.

தறி உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆடி முதல் நாள் ஜூலை நடுவில், பெரும்பாலும் வேலை நாளில் வருகிறது. சின்னப் பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு அன்று ஒரு நைட் ஷிப்டையாவது விட்டுக்கொடுங்கள்.