12 ஹிட் பாயின்ட், ஒரு பெரிய வாள், ஒரு கேடயம்: சராசரி எங்கே காலை வாருது?

இந்த வாரம் வீடியோ லேட். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பகடை உருட்டிட்டு இருந்தேன். சிரிக்காதீங்க, விஷயம் பணம் சம்பந்தப்பட்டதுதான்.

என் சித்தி பையன் ஐடி வேலையில ரெண்டாவது வருஷம். போன வாரம் கேட்டான்: "அண்ணா, கம்பெனியே மெடிக்கல் இன்சூரன்ஸ் கொடுக்குது. நான் தனியா கட்டுற பாலிசியை நிறுத்திட்டு அந்தக் காசை எஸ்ஐபி-ல போடவா? எமர்ஜென்சி ஃபண்டும் சும்மாதானே தூங்குது, அதையும் ஈக்விட்டிக்கு மாத்திடறேன். நீண்ட காலத்துல சராசரியா அதுதானே அதிகம் தரும்?"

சராசரியை மட்டும் பார்த்தா அவன் சொல்றது சரி. அதனாலதான் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

அவன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறவன். 1974-ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி வெளிவந்த அமெரிக்க மேசை விளையாட்டு. அதோட 2014 ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஒத்தைக்கு ஒத்தை சண்டை போட்டுப் பார்க்கலாம்னு உட்கார்ந்தோம்.

ரெண்டு பேரும் முதல் லெவல் ஃபைட்டர். ரெண்டு பேருக்கும் 12 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்க் கணக்கு. ரெண்டு பேருக்கும் சங்கிலிக் கவசம், அதுக்கு ஆர்மர் கிளாஸ் 16. அடிக்க 20 முகப் பகடையை உருட்டி 5 கூட்டணும். எதிராளியோட ஆர்மர் கிளாஸைத் தொட்டாலோ தாண்டினாலோ அடி விழும். மத்த சிறப்புத் திறமை எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டோம், இல்லன்னா கணக்கு போட முடியாது.

அவன் எதிர்பார்த்த மாதிரியே ரெண்டு கையால பிடிக்கிற பெரிய வாளை எடுத்தான். சேதம் ரெண்டு ஆறுமுகப் பகடை + 3, சராசரி 10. எனக்கு ஒத்தைக் கை வாள், எட்டுமுகப் பகடை + 3, சராசரி 7.5. இன்னொரு கையில கேடயம், அதனால என் ஆர்மர் கிளாஸ் 18.

கேடயம் கொடுக்குறது வெறும் 2 பாயின்ட்தானேன்னு தோணும். ஆனா அவன் என்னை அடிக்க பகடையில 13 விழணும், 40% வாய்ப்பு. கேடயம் இல்லன்னா 11 போதும், 50%. வர்ற அடியில அஞ்சுல ஒண்ணு குறையுது. அப்படியும் சராசரி அவனுக்குத்தான் சாதகம்: சுற்றுக்கு அவன் 0.4 × 10 = 4, நான் 0.5 × 7.5 = 3.75. (20 விழுந்தா சேதப் பகடை இரட்டிப்பு. அதையும் சேர்த்தா 4.35-க்கு 3.98.)

யார் முதல்னு உருட்டினோம், அவன்தான். 7 போட்டான், மொத்தம் 12, படல. நான் 12, மொத்தம் 17, பட்டுச்சு. சேதம் 9. அவன்கிட்ட மிச்சம் 3.

ரெண்டாவது சுற்றுல அவனுக்கும் அதே 12, அதே 17. ஆனா எனக்கு 18. கேடயம் இல்லாம இருந்திருந்தா அந்த அடி என்மேல விழுந்திருக்கும். நான் 4 போட்டு கோட்டை விட்டேன். மூணாவதுல அவன் அடிச்சான், 8 சேதம், எனக்கு மிச்சம் 4. நான் 11 போட்டேன், மொத்தம் சரியா 16. சேதம் 6. அவன் காலி.

"லக்கு அண்ணா"ன்னான். சரின்னு மறுபடி ஆடினோம். ரெண்டாவது சுற்றுல ஒரே அடியில 13 சேதம், நான் தரையில. ஆக, ஆட்டம் 1–1. இதை வச்சு நான் எதையும் நிரூபிக்கல, நேர்மையா சொல்லிடறேன்.

அதுக்கப்புறம் பேப்பர்ல போட்ட கணக்குதான் அவனை யோசிக்க வச்சது. 12-ஐ 4-ஆல வகுத்தா 3 சுற்று, சரி. ஆனா அவன் மூணு சுற்றும் ஒரு அடிகூட அடிக்காம போக வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது 21.6%. அதே மூணு சுற்றுல நான் ரெண்டு அடியாவது அடிக்க வாய்ப்பு 50%. ரெண்டு சாதாரண அடி விழுந்தா அவன் சாய வாய்ப்பு 84%. அந்த 4-ங்கிற சராசரி ஆயிரம் சண்டைக்கானது, அவன் கையில இருந்தது ஒரு சண்டை.

இந்த விதியில இன்னொரு விஷயம் எனக்குப் பிடிச்சது. 12 பாயின்ட் இருந்தாலும் 1 இருந்தாலும் நீங்க ஒரே பலத்தோட அடிக்கலாம். 0 ஆனா மட்டும் மயக்கம். அதனால 3 பாயின்ட்ல நிக்கிறப்பவும் அவனுக்குப் பயமே வரல. 25-ம் தேதி அக்கவுண்ட்ல 800 ரூபா இருக்கிறப்போ நம்மள்ல பாதிப் பேர் இருக்கிற நிலைமை இதுதான். அன்னைக்கு வேலை போனா, இல்ல அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டி வந்தா? மார்க்கெட் இறங்கியிருந்தாலும் ஃபண்டை வித்தாகணும், இல்லன்னா கிரெடிட் கார்டு. அதுக்கு வட்டி வருஷத்துக்கு 36%-ஐத் தாண்டலாம். கம்பெனி கொடுத்த கேடயமும் வேலையோட சேர்ந்து போயிடும். அவனுக்கு அது தெரியும், யோசிக்கல, அவ்வளவுதான்.

"அப்போ பெரிய வாள் வேஸ்ட்டா?"ன்னு கேட்டான். இல்லடா. ரெண்டு பேருக்கும் 120 ஹிட் பாயின்ட் வச்சா சண்டை நீளும், உன்னோட அந்தச் சின்ன சாதகம் வேலை செய்ய நேரம் கிடைக்கும், முடிவு உன் பக்கம் சாயும். 12-ல அந்த நேரம் இல்ல. ஆறு மாசச் செலவு லிக்விட் ஃபண்டுலயோ எஃப்டி-லயோ தூங்குறது எஸ்ஐபி-க்கு எதிரி இல்ல, எஸ்ஐபி-யை நடுவுல உடைக்காம ஓட விடுறதே அதுதான்.

எமர்ஜென்சி ஃபண்டைத் தொடமாட்டேன்னு ஒத்துக்கிட்டான். பாலிசி ரினியூவல் 18-ம் தேதி. அதுக்கு இன்னும் பதில் சொல்லல, "இன்னொரு ஆட்டம் போடலாம் அண்ணா"ன்னு பகடையைத் தேடிட்டு இருக்கான்.